ஹவாய் அலமாரியும் எங்கள் மலையும்

நான் ஆய்வு செய்யும் கல்லூரியின் நூலகம் மாதம் ஒருமுறை ஒரு செய்தி மடலை வாசலில் ஒட்டுகிறது. நின்று படிப்பவர்கள் குறைவு. தேர்வு நாட்களில் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும், தாமதக் கட்டணம் கூடியிருக்கிறது, வேறு கல்லூரிகளிலிருந்தும் புத்தகம் தருவித்துத் தருகிறோம், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒப்பீட்டுச் சோதனைக்குக் கொண்டு வாருங்கள் என்று வழக்கமான செய்திகள்தான் இருக்கும். கடைசியில் 'இம்மாத வாசிப்பு' என்றொரு பத்தி. போன மாதம் அதில் ஹவாய் வரலாறு வந்திருந்தது. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அலமாரியை ஒதுக்கி, ஆறு புத்தகங்களை முகம் தெரிய நிறுத்தி வைத்திருந்தார்கள்.

என்னுடன் வந்த விடுதித் தோழி சிரித்துவிட்டாள். "தாண்டிக்குடிக்கு ஒரு பலகை கூடக் கிடையாது. ஹவாய்க்கு அலமாரியா?"

எனக்கும் அதே எண்ணம்தான். தாண்டிக்குடிக்காரி நான். அங்கேயே இருந்த கணினியில் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்தேன். காபித் தண்டுத் துளைப்பான் பற்றி ஒன்று, மலை மண்வளம் பற்றி ஒன்று, மிளகு பற்றி ஒன்று, பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பற்றி ஒன்று வந்தன. பூச்சிக்கும் மண்ணுக்கும் கொடிக்கும் கல்லுக்கும் புத்தகம் இருக்கிறது. அந்தக் காபியைப் பறித்தவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. கோபத்தோடுதான் ஹவாய் அலமாரியிலிருந்து முதல் புத்தகத்தை எடுத்தேன். ஒரு மாதம் கழித்து இதை எழுதுகிறேன். தோழியின் கேள்வி நியாயமானது, ஆனால் திசை தவறியது. அந்த அலமாரி அங்கேயே இருக்கட்டும். அதைப் படித்த பிறகுதான், நம் மலைக்கு என்ன மாதிரியான அலமாரி கேட்க வேண்டும் என்பதே எனக்குப் பிடிபட்டது.

ஹவாய் நமக்கு எங்கோ இருக்கும் தீவு என்று நினைத்திருந்தேன். அவ்வளவு தூரமில்லை. அமெரிக்காவில் 1810இல் ஒரு மிஷன் சங்கம் தொடங்கியது. அமெரிக்கன் போர்டு என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தச் சங்கத்தின் ஆட்கள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1820இல் ஹவாயில் இறங்கினார்கள். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பி மதுரைக்கு வந்தார்கள். மதுரையில் காய்ச்சலுக்குப் பலியாகிக்கொண்டிருந்தவர்கள் குளிர்ந்த இடம் தேடி மலையேறி, 1845இல் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற மலைநகரம் அப்படித்தான் பிறந்தது. கார் சாலை வருவதற்கு முந்தைய காலத்தில் அவர்களையும் அவர்களது கட்டில், பெட்டிகளையும் மலைக்குத் தூக்கிப் போனவர்கள் கூலிகள். அவர்கள் பெயரில் கொடைக்கானலில் எந்த வீடும் இல்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரியின் நூலகத்துக்கு டேனியல் பூர் பெயர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிவிட்டு மதுரைக்கு வந்த மிஷனரி அவர். ஒரே சங்கத்தின் மூன்று கிளைகளாக ஹவாயும் யாழ்ப்பாணமும் மதுரையும் இருந்திருக்கின்றன. நம் பாடப்புத்தகத்தில் இப்படிச் சேர்த்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஹவாயில் அந்த மிஷனரிகளின் பிள்ளைகளும் பேரன்களும் கரும்புத் தோட்ட முதலாளிகளாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆனார்கள். 1893 ஜனவரி 17 அன்று, அமெரிக்கக் கப்பற்படை வீரர்கள் தெருவில் நிற்க, ராணி லிலியுஓகலானியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் லோரின் தர்ஸ்டன், மிஷனரியின் பேரன். நம் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி எழுதிய எட்கர் தர்ஸ்டன் வேறு ஆள். பெயர்தான் ஒன்று. அடுத்து வந்த குடியரசின் தலைவர் சான்ஃபோர்ட் டோல், மிஷனரியின் மகன். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் போட்டார்கள். 1898இல் தீவுகளை அமெரிக்கா தன்னோடு இணைத்துக்கொண்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு ஹவாய் வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலானோர் ஆங்கில ஆவணங்களை மட்டும் வைத்து எழுதினார்கள். மண்ணின் மக்கள் பெரிதாக எதிர்க்கவில்லை, நடந்ததை ஏற்றுக்கொண்டு அமைதியாக இருந்துவிட்டார்கள் என்ற சித்திரம் அதிலிருந்து வந்தது. ஆனால் 1834 முதல் 1948 வரை ஹவாய் மொழியில் செய்தித்தாள்கள் வந்திருக்கின்றன. மொத்தம் சுமார் 1,25,000 பக்கங்கள் இருக்கும் என்கிறார்கள். எழுதக் கற்றுக்கொடுத்தது மிஷன்தான். கற்றுக்கொண்டவர்கள் 1861இலிருந்து தங்கள் பத்திரிகையைத் தாங்களே நடத்தினார்கள். அதில் அரசியல் எழுதினார்கள், கதை எழுதினார்கள், மிஷனரிகளோடு சண்டை போட்டார்கள். அத்தனையும் நூலகத்தில் இருந்தது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் ஆய்வுக்கு வரவில்லை, ஆய்வுக்கு வந்தவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

1990களில் நோஏநோஏ சில்வா என்ற ஹவாய்ப் பெண் ஆய்வாளர் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு கட்டு மனுக்களைத் தேடி எடுத்தார். அமெரிக்காவோடு இணைக்காதே என்று 1897இல் தீவு தீவாக, ஊர் ஊராகப் போய் வாங்கிய கையெழுத்துகள் அவை. ஆண்களும் பெண்களும் தனித்தனியாகப் போட்டவை, 21,000க்கும் அதிகம். அன்று மண்ணின் மக்களின் மொத்த எண்ணிக்கையே ஏறத்தாழ 40,000 என்பதை வைத்துப் பாருங்கள். குழந்தைகளைக் கழித்தால் மிச்சம் யார்? அந்த மனுக்கள் போன சமயத்தில் இணைப்பு ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் தேறவில்லை. மறு ஆண்டு, ஒப்பந்தமே வேண்டாம் என்று வெறும் கூட்டுத் தீர்மானத்தின் மூலம் இணைத்தார்கள். மனுக்களின் நகல் ஹவாய்க்குத் திரும்பி வந்தபோது மக்கள் வரிசையில் நின்று தங்கள் பாட்டன் பாட்டி பெயரைத் தேடினார்கள். எங்கள் ஆட்கள் எதிர்க்கவில்லை என்று வீட்டிலேயே நம்பி வளர்ந்த தலைமுறை அது. சில்வா 2004இல் அதைப் புத்தகமாக எழுதினார். நான் முதலில் எடுத்தது அந்தப் புத்தகத்தைத்தான்.

1893 என்ற ஆண்டைப் படித்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதே ஆண்டில்தான் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசரின் 'தமிழன்' வந்தது. அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளியிட்டது 1999இல். 1869இலிருந்தே தலித்துகள் இதழ் நடத்தியிருக்கிறார்கள் என்பதை ஜெ. பாலசுப்பிரமணியம் ஒரு முழு நூலாகவே எழுதிக் காட்டியிருக்கிறார். இந்த இதழ்கள் தமிழில்தான் வந்தன. ஹவாய் மொழி தெரியாது என்று அங்குள்ள பேராசிரியர்கள் சொல்ல முடியும். தமிழக வரலாற்றை எழுதிய நம் பேராசிரியர்களுக்கு அந்தச் சாக்குக் கூடக் கிடையாது. இதை நான் எத்தனை கருத்தரங்கில் சொன்னாலும் தேநீர் இடைவேளை வந்துவிடுகிறது.

சரி, இதோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் பெருமிதக் கட்டுரை. ஹவாய் அலமாரியில் என்னைத் தூங்கவிடாமல் செய்த புத்தகம் வேறு.

டேவிட் மாலோ என்பவர் ஹவாய்க்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர். தன் மக்களின் பழைய வழக்கங்களை 1840 வாக்கில் தன் மொழியிலேயே எழுதி வைத்தார். அதில் கவுவா என்ற ஒரு பிரிவைப் பற்றிச் சொல்கிறார். பிறப்பாலேயே ஒதுக்கப்பட்டவர்கள். தனி நிலத்தில்தான் வாழ வேண்டும். மற்றவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. மற்றவர்களோடு திருமண உறவு கூடாது. பலிக்கு ஆள் தேவைப்பட்டால் அவர்களிடமிருந்து எடுப்பார்கள். படித்துக்கொண்டே வந்தவள் புத்தகத்தை மூடிவிட்டேன். நான் யாருக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேனோ, அந்த மண்ணின் மக்களுக்குள்ளேயே ஒரு சேரி இருந்திருக்கிறது.

வெள்ளைக்காரன் வந்து கெடுப்பதற்கு முன் எல்லாம் சமமாக இருந்தது என்று பேசும் யாரையும் நம்பக் கூடாது என்பதை அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதே கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழைய ஹவாயில் கபு என்ற விலக்குமுறை இருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து சாப்பிடக் கூடாது. பன்றிக்கறி, தேங்காய், பெரும்பாலான வாழை வகைகள் பெண்களுக்கு விலக்கு. மீறினால் மரணம் வரை தண்டனை. 1819இல் பேரரசன் கமேஹமேஹா இறந்ததும், அவன் மனைவியரில் ஒருத்தியான காஹுமானுவும் இளவரசனின் தாயும் சேர்ந்து புதிய அரசன் லிஹோலிஹோவை வற்புறுத்தினார்கள். நவம்பர் மாதம் ஒரு விருந்தில் அவன் எழுந்துபோய்ப் பெண்களின் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். அந்த ஒரு சாப்பாட்டோடு கபு முறை சரிந்தது. கோயில்களின் உருவங்களை இழுத்துப் போட்டார்கள். எதிர்த்துப் படை திரட்டிய உறவினன் போரில் செத்தான். முதல் மிஷனரி கப்பல் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு, 1820இல். எந்தப் பாதிரியும் சொல்லிக் கொடுத்து நடந்ததல்ல அது. ஒரு சமூகத்தின் விலக்குமுறை சாப்பாட்டுப் பந்தியில் உடைந்தது என்பது நமக்குப் புரிகிற மாதிரி வேறு யாருக்குப் புரியும்?

மதுரைக்கு வந்த அதே மிஷனும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டது. சபைக்குள் சாதி தொடர்வதைப் பார்த்துவிட்டு, 1847இல், சாதியை விட்டதற்கு அடையாளமாகச் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். உபதேசியார்கள் உட்படப் பலர் மறுத்துவிட்டார்கள். ஞானஸ்நானம் வாங்கத் தயார், பைபிள் படிக்கத் தயார், பறையர் கைச்சோறு மட்டும் முடியாது. ஹவாயில் நிலத்தைப் பிடுங்கியவர்களைப் பெற்ற சங்கமும், மதுரையில் பந்தியைச் சோதனையாக வைத்த சங்கமும் ஒன்றேதான். இதை வைத்துக்கொண்டு மிஷனரிகளைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்பு எழுத எனக்கு முடியவில்லை. எழுதுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

இப்போது எங்கள் மலைக்கு வருகிறேன். தாண்டிக்குடிக்கு வருகிற சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்கும் வரலாறு இரண்டு வரிதான். முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் தாண்டிக்குதி, அது மருவித் தாண்டிக்குடி. அப்புறம் காபி நன்றாக விளையும். கொஞ்சம் அக்கறையுள்ளவராக இருந்தால் கல்திட்டைகளையும் பார்ப்பார். அவற்றைப் பற்றி ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரிமார் எழுதியதைத் தொல்லியல் துறை 1928இலேயே வெளியிட்டது. பேராசிரியர் கா. ராஜன் குழு எங்கள் ஊரிலேயே அகழாய்வு செய்திருக்கிறது. செத்துப்போய் ஈராயிரம் ஆண்டான மனிதர்களின் மணிகளை எண்ணி வைத்திருக்கிறோம். நல்லதுதான். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியில் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையம் பக்கத்தில் தடியன்குடிசையில் இருக்கிறது. இரண்டு ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கிற மலையில், அங்கே வாழ்கிற பளியரையும் புலையரையும் தோட்டக் கூலிகளையும் பற்றி அவர்களே வந்து எடுத்துப் படிக்கிற மாதிரி ஓர் அலமாரி கிடையாது.

அவர்களைப் பற்றி யாருமே எழுதவில்லை என்று சொல்லவில்லை. ஜே. ஹெச். நெல்சன் 1868இல் எழுதிய மதுரை மாவட்டக் கையேட்டில் இருக்கிறார்கள். டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் வெளியிட்ட மதுரை கெசட்டியரில் இருக்கிறார்கள். 1909இல் வந்த தர்ஸ்டன் தொகுதிகளில் இருக்கிறார்கள். மலையின் உழுகுடிகளான குன்னுவருக்குப் புலையர் பண்ணையடிமைகளாக இருந்த கதை இந்தப் புத்தகங்களில் பதிவாகியிருக்கிறது. தமிழில் சாவகாசமாகப் 'பழம்பெருமை' பேசும் மலை வரலாறுகளில்தான் அது காணாமல் போய்விடுகிறது. மாலோ தன் மக்களின் கவுவாவை மறைக்காமல் எழுதினார். நம் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களுக்கு அந்த நேர்மை வர இன்னும் நாளாகும். பளியரைப் பற்றி அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் பல ஆண்டுகள் அவர்களோடு பழகி எழுதியிருக்கிறார். அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன, விலை அதிகம். பளியர் வீட்டுப் பிள்ளை அதைப் படிக்க எத்தனை மலை தாண்ட வேண்டும்?

இதெல்லாம் படிப்பாளிகளின் கவலை, சோற்றுக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். வன உரிமைச் சட்டம், 2006. காட்டு நிலத்தில் வாழ்ந்து பயிர் செய்கிற பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கே இருப்பதைக் காட்டினால் உரிமை கோரலாம். பழங்குடிப் பட்டியலில் இல்லாத, காட்டை நம்பி வாழும் மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பளியர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். மலைப் புலையர்கள் பட்டியல் சாதியாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். பழங்குடியாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே மலை, ஒரே மழை, ஒருவருக்கு 2005 போதும், பக்கத்துக் குடிசைக்காரருக்கு 1930 வேண்டும்.

1930இல் எங்கள் பாட்டிமார் கையில் என்ன காகிதம் இருந்திருக்கும்? ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகள் எதையெல்லாம் சாட்சியமாக ஏற்கலாம் என்று ஒரு பட்டியல் தருகின்றன. கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை அறிக்கை, வரைபடம் எல்லாம் அதில் வருகின்றன. ஆய்வு நிறுவனங்களின் ஆய்வுகள், பழமையான கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் ஆகியவையும் வருகின்றன. அதாவது பிரான்சிஸ் 1906இல் எழுதிய பக்கம் இன்று நிலத்துக்கான சாட்சி. அதை வைத்திருக்கும் நூலகம் சாட்சியறை. அந்தப் புத்தகத்தைப் பூட்டி வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருடைய மனு காலியாகப் போகிறது.

ஹவாயிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. 1848இல் அரசனும் தலைவர்களும் நிலத்தைப் பங்கு பிரித்தார்கள். மாஹெலே என்று பெயர். 1850இல் சாதாரணக் குடிகளும் தாங்கள் பயிர் செய்யும் துண்டுக்கு உரிமை கோரலாம் என்றார்கள். மனு எழுத வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும், அளந்து காட்ட வேண்டும். அதே ஆண்டு வெளிநாட்டாரும் நிலம் வாங்கலாம் என்றாகிவிட்டது. கடைசியில் குடிமக்கள் கைக்கு வந்தது மொத்த நிலத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் பக்கம் 1892இல் பஞ்சமருக்கு என்று ஒதுக்கிய நிலம் எங்கே போனது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோமே, அவர்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் தேடுவது நூலகத்தில். பழைய மனுக்கள், சாட்சியங்கள், செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் மின்னுருவாக்கி யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். உலுகாவு என்பது அவர்களுடைய மின்நூலகத்தின் பெயர். 2011இல் ஒரு வேலை தொடங்கினார்கள். 60,000 செய்தித்தாள் பக்கங்களைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்ற வேண்டும். கணினியால் சரியாகப் படிக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள், அவர்களில் அந்த மொழி தெரியாதவர்களும் இருந்தார்கள். நம்மால் முடியாதா? ஒரு நாளில் எத்தனை மணிநேரம் கைப்பேசியில் தட்டுகிறோம்.

நூலகம் என்றால் எனக்கு இனிமையான நினைவு மட்டும் இல்லை. இளங்கலை படித்தபோது, சமவெளியில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். புத்தகங்கள் கம்பி வலைக்குப் பின்னால் இருக்கும். சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் உள்ளே போய் எடுத்து வருவார்கள். நெல்சன் கையேட்டின் மறுபதிப்பு அங்கே இருப்பதை ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டு சீட்டு எழுதினேன். உள்ளே இருந்தவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் அடையாள அட்டையைக் கேட்டார். உதவித்தொகைப் பட்டியலில் என் பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். "உனக்கு எதுக்கும்மா இது, சிலபஸ்ல இருக்கிறதப் படி" என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் நினைவிருக்கிறது, அக்கறையாகவே சொன்னார். மூன்றாண்டில் அந்தப் புத்தகத்தை நான் தொடவில்லை. பிறகு ஆய்வுக்கு வந்த முதல் வாரம், இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாக இறக்கிக்கொண்டேன். என் பாட்டி ஊரைப் பற்றிய பக்கத்தை விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன்.

எனவே நூலகச் செய்தி மடலில் வரும் சின்னச் சின்ன அறிவிப்புகளை நான் சின்னதாக நினைப்பதில்லை. திறந்த அலமாரி என்பது சாதி ஒழிப்பு நடவடிக்கை. யாரிடமும் காரணம் சொல்லாமல் கையை நீட்டிப் புத்தகத்தை எடுக்க முடிகிற உரிமை அது. மாலை ஐந்தரைக்குக் கதவைச் சாத்தும் நூலகம், பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவருக்கு மூடிய நூலகம். மலைக்குக் கடைசிப் பேருந்து போகும் நேரம் தெரியாத நூலகர் மலைப் பிள்ளைகளுக்குத் தாமதக் கட்டணம் போடுகிறார். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளை எழுதினார். சுதந்திர இந்தியாவில் முதலாவதாக 1948இல் நம் மாகாணத்தில்தான் பொதுநூலகச் சட்டம் வந்தது. காலனி வீட்டுக்காரரும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறார். அந்தப் பணத்தில் வாங்கும் புத்தகங்களில் அவரைப் பற்றியது எத்தனை என்று கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எனக்குப் பிடித்த கட்டடம். பொறாமையும் உண்டு. அதில் நூறில் ஒரு பங்கு செலவில் பழனிமலையின் மேலும் கீழுமாக நான்கு ஊர்களில் நல்ல வாசிப்பறை வைக்கலாம்.

அந்த ஆறு புத்தகங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நூலகர் வைத்திருந்ததில் இரண்டு சுற்றுலாப் படப் புத்தகங்கள், அவற்றை விட்டுவிடலாம். குய்க்கெண்டாலின் மூன்று தொகுதிகளில் ஒன்று இருந்தது. தகவலுக்குப் பயன்படும், ஆனால் யார் குரல் இல்லை என்று பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். ராணி லிலியுஓகலானி 1898இல் தானே எழுதிய வரலாறு இருந்தது. அதிலிருந்து தொடங்குங்கள், இணையத்திலும் இலவசம். அரண்மனையில் சிறைவைக்கப்பட்ட ஒரு பெண் எழுதியது என்பதற்காக மட்டுமல்ல, சுவாரசியமாகவும் இருக்கும். அடுத்து சில்வா. பிறகு மாலோ, கசந்தாலும். இல்லாதவற்றைத் தருவித்துக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஹவுநானி-கே ட்ராஸ்க் 1993இல் எழுதிய கட்டுரைத் தொகுப்பு வேண்டும். சுற்றுலாவைப் பற்றி அவர் எழுதியதைக் கொடைக்கானல் சீசனில் நெரிசலில் நின்றுகொண்டே படிக்கலாம். இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1992இல் கேப்டன் குக் பற்றி எழுதிய நூலும் வேண்டும். 1779இல் ஹவாயில் கொல்லப்பட்ட குக்கை அந்த மக்கள் தெய்வம் என்று நம்பினார்கள் என்பது உண்மையா, இல்லை ஐரோப்பியர் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட கதையா என்று கேட்கிறார். மார்ஷல் சாலின்ஸ் என்ற பெரிய பேராசிரியர் 1995இல் பதில் நூல் எழுதினார். எனக்கு ஒபேசேகர பக்கம்தான் சாய்வு. ஆனால் சாலின்ஸையும் படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். இவற்றில் ஒன்றுகூடத் தமிழில் என் கண்ணில் படவில்லை. மொழிபெயர்க்க ஆள் தேடும் தோழர்கள் சில்வாவிலிருந்து ஆரம்பிக்கலாம்.

நூலகரிடம் போய் மலை அலமாரி பற்றிக் கேட்டேன். கோபமாகக் கேட்பதாகத்தான் நினைத்துப் போனேன். "சார், ஹவாய்க்கு வச்ச மாதிரி பழனிமலைக்கு ஒரு மாதம் வைக்கலாமா?" அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "புத்தகப் பட்டியல் நீங்களே எழுதிக் கொடுங்கம்மா. இல்லாததை நகலெடுத்து பைண்ட் பண்ணி வச்சிரலாம். அடுத்து எந்த மாசம் காலியா இருக்கு பார்க்கிறேன்." நெல்சன், பிரான்சிஸ், தர்ஸ்டனில் தேவையான பக்கங்கள், கல்திட்டை நூல், கார்ட்னர், வன உரிமைச் சட்டமும் அதன் விதிகளும் தமிழில், அயோத்திதாசர் தொகுதிகள் என்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வைக்க ஒரு ஒலிப்பதிவுக் கருவி, மாணவர்கள் இரவல் எடுத்துப்போகும்படி. அதற்குத்தான் அவர் கொஞ்சம் யோசித்தார். புத்தகம் வாங்கும் கணக்கில் அது வராதாம்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். களத்தில் காயவைத்த காபிப் பழத்தைக் கிளறிவிட்டு அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். மாலோவையும் கையில் வைத்துக்கொண்டு அந்த 1819 விருந்துக் கதையைச் சொன்னேன். அரசன் எழுந்து போனது, பெண்களோடு உட்கார்ந்தது, ஒரே சாப்பாட்டில் எல்லாம் சரிந்தது. அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அது சரி பாப்பா. அந்த விருந்துக்குச் சமைச்சது யாரு?"

விருந்துக்கு யார் சமைத்தார்கள் என்று புத்தகத்தில் இல்லை. அந்தத் தீவுகளில் அப்போது சமையல் ஆண்கள் வேலை, ஆண்களுக்கு ஓர் அடுப்பு, பெண்களுக்கு ஓர் அடுப்பு என்று அவர்களே இரண்டு அடுப்பு மூட்டுவார்கள் என்று மட்டும் சொன்னேன். அம்மா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த வெகுநேரம் ஆனது. அப்புறம் அந்தப் புத்தகத்தில் படம் இருக்கிறதா என்று கேட்டாள். 14ஆம் தேதி திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னொரு முறை புதுப்பித்துக்கொள்ளப் போகிறேன்.